ஜாக்கெட் 38 என்றால் பிராவும் 38 என்று அர்த்தமில்லை

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஜாக்கெட் அளவு 38 என்பதால் பிராவும் 38 என்றே வாங்கி வருகிறார். ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது, முதுகுப் பட்டி மேலே ஏறிவிடுகிறது, மார்புக்குக் கீழே வேர்த்துப் புண்ணாகிறது. கடையில் கவுன்டரில் ஆண்கள் நிற்பதால் வாய் திறந்து கேட்க முடியவில்லை. வீட்டிலேயே அளவெடுத்துச் சரியான சைஸைக் கண்டுபிடிக்க முடியுமா, பன்னிரண்டு வயது மகளுக்கு என்ன வாங்குவது என்பது அவர் கேள்வி.

தாராளமாக முடியும்மா. ஒரு இஞ்ச் டேப், ஒரு கண்ணாடி, தாழ்ப்பாள் போட்ட அறை, பதினைந்து நிமிஷம் போதும். கும்பகோணத்தில் பெண்களுக்குத் தைப்பதும் உள்ளாடை விற்பதும்தான் பல வருஷமாக என் தொழில். நீங்கள் சொல்லும் இந்த மூன்று தொந்தரவையும் யாராவது வந்து ஒன்றாகச் சேர்த்துச் சொல்லாத வாரமே கிடையாது. மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டி பெரிசு.

அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஜாக்கெட்டுக்கு டைலர் எடுக்கும் அளவு மார்பின் மிக எடுப்பான இடத்தைச் சுற்றி வருவது. அது 38 இஞ்ச் என்றால் ஜாக்கெட் 38. பிராவில் இருக்கும் நம்பர் அந்த இடத்தைக் குறிப்பதே இல்லை. அது மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டிக்கான நம்பர். மார்பு அதைவிட எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்பதைத்தான் ஏ, பி, சி, டி என்ற எழுத்து சொல்கிறது. இந்த எழுத்து முறை 1932-ல் எஸ்.எச். கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. நம் கடைத்தெருவில் நம்பர் மட்டும் பழக்கத்துக்கு வந்தது, எழுத்து வரவில்லை. "38 குடுங்க" என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் 38 பி. பலருக்கு அந்த எழுத்து அட்டையில் அச்சாகியிருப்பதே தெரியாது.

இன்னொன்று. எழுத்துக்குத் தனியாக ஒரு அளவு கிடையாது. "டி கப்பா, அது ரொம்பப் பெரிய மார்புக்கு" என்று நினைக்கிறோம். 32 டி-யின் கப்பும் 38 டி-யின் கப்பும் ஒன்றே அல்ல. பட்டி சிறிதாகச் சிறிதாக அதே எழுத்தின் கப்பும் சிறிதாகும். அதனால் பட்டியில் ஒரு சைஸ் குறைத்தால் எழுத்தில் ஒன்று கூட்ட வேண்டும். 38 பி, 36 சி, 34 டி, இந்த மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது முதுகைச் சுற்றி வரும் நீளம்.

சரி, அளவெடுக்கலாம்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வேண்டாம், அப்போது மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கும். முடிந்த பிறகு எடுங்கள். முதலில் டேப்பைச் சோதியுங்கள். தையல் மிஷின் டிராயரில் வருஷக்கணக்கில் கிடக்கும் டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பிள்ளையின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். டேப் இல்லையென்றால் இழுபடாத நாடாவைச் சுற்றிப் பேனாவால் குறித்து, அதே ஸ்கேலில் அளக்கலாம். இஞ்சை விட சென்டிமீட்டரில் எடுங்கள். அட்டைப்பெட்டியில் 34 பி என்பதற்குப் பக்கத்தில் 75 பி என்று இன்னொரு நம்பர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 75 என்பது மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவு, சென்டிமீட்டரில்.

மேலே எதுவும் போடாமல் கண்ணாடி முன் நில்லுங்கள். டேப்பை மார்பு முடியும் இடத்துக்குச் சரியாகக் கீழே, முதுகிலும் அதே மட்டத்தில் வரும்படி சுற்றுங்கள். முதுகில் டேப் சரிந்திருந்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் பொய் சொல்லும், அதனால் திரும்பி நின்று கண்ணாடியில் பாருங்கள். மூச்சை விட்டுவிட்டு, டேப் தோலோடு ஒட்டும்படி இறுக்கிப் பிடித்து நம்பரைப் பாருங்கள். வலிக்கிற அளவுக்கு இறுக்க வேண்டாம், தொங்கவும் விட வேண்டாம். இது முதல் அளவு.

அடுத்தது எடுப்பான இடத்தில். இங்கே இறுக்கக் கூடாது, டேப் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நிமிர்ந்து நின்று ஒரு தடவை எடுங்கள். பிறகு இடுப்பை மடக்கி, நாற்று நடக் குனிவது போல முதுகு தரைக்கு நேராக வரும்வரை குனிந்து இன்னொரு தடவை எடுங்கள். பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த மார்பு மென்மையாக இறங்கியிருக்கும், நின்றபடி அளந்தால் அதில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

உங்கள் கதையையே கொண்டுவந்த ஒரு டீச்சரின் அளவை உதாரணமாகச் சொல்கிறேன். அவரும் ஜாக்கெட் 38, பிரா 38. இரண்டு தோளிலும் ஸ்ட்ராப் அழுத்திய பள்ளம் கறுத்துப் போயிருந்தது. நழுவாமல் இருக்கட்டும் என்று முடிந்தவரை ஏற்றி இறுக்கியிருந்தார், அந்த இழுப்பில் முதுகுப் பட்டி தோள்பட்டை எலும்புவரை வந்து நின்றது. கொக்கியை மிக இறுக்கமான வரிசையில் மாட்டியும் முதுகுக்கும் பட்டிக்கும் நடுவில் என் கை முழுசாகப் போனது. டேப் வைத்தேன். மார்புக்குக் கீழே 77. நின்றபடி மார்பு 94, குனிந்தபடி 98, சராசரி 96.

இனி கணக்கு. மார்புக்குக் கீழே 63 முதல் 67 வரை இருந்தால் 30, 68 முதல் 72 வரை 32, 73 முதல் 77 வரை 34, 78 முதல் 82 வரை 36, 83 முதல் 87 வரை 38, 88 முதல் 92 வரை 40. எழுத்துக்கு, மார்பு அளவிலிருந்து கீழ் அளவைக் கழியுங்கள். வித்தியாசம் 12 முதல் 14 சென்டிமீட்டர் என்றால் ஏ, 14 முதல் 16 பி, 16 முதல் 18 சி, 18 முதல் 20 டி. அதற்கு மேல் டிடி, ஈ, எஃப் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், அவரவர் அட்டையைப் பார்க்க வேண்டியதுதான்.

டீச்சருக்கு 77, அதனால் 34. வித்தியாசம் 19, அதனால் டி. அவர் அளவு 34 டி. மேலே சொன்ன வரிசையைத் திரும்பப் பாருங்கள், 38 பி-யும் 34 டி-யும் ஒரே கொள்ளளவு. இத்தனை வருஷமும் அவர் போட்டிருந்த பிரா கப்பில் கிட்டத்தட்டச் சரி, முதுகில் இரண்டு சைஸ் பெரிசு. பட்டி பிடிக்காததால் கப் உடம்போடு ஒட்டாமல் கீழே இறங்கி, மார்பு பிதுங்கியது. உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நீங்களே அளந்து பாருங்கள்.

இஞ்சிலேயே பழகியவர்கள் கீழ் அளவோடு 4 கூட்டினால் (ஒற்றைப்படையாக இருந்தால் 5) பட்டி நம்பர் வரும். அந்த நம்பரை மார்பு அளவிலிருந்து கழித்தால் 1 இஞ்சுக்கு ஏ, 2-க்கு பி, 3-க்கு சி, 4-க்கு டி. இணையத்தில் சில கணக்குகள் இந்த 4-ஐக் கூட்டவே கூடாது என்று சொல்லும், டீச்சருக்கு 30 என்று காட்டி எழுத்தை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். குழம்ப வேண்டாம். இழுபடாத துணியில் பட்டி தைத்த காலத்துக்கு அந்த 4 தேவைப்பட்டது. இப்போது எலாஸ்டிக் பட்டி நன்றாக இழுபடுவதால் சிலருக்கு ஒரு சைஸ் குறைவாகப் போட்டாலும் சுகமாக இருக்கிறது. அதனால் நான் சொல்லும் கணக்கில் வரும் நம்பரை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு போட்டுப் பார்க்கும்போதுதான். வெளி வரிசைக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், மாட்டும்போது பட்டி லொடலொட என்றிருந்தால் 34 டி-யிலிருந்து 32 டிடி-க்குப் போகலாம். மாறாக, இழுபடாத பழைய மாதிரிக் காட்டன் பாடி வாங்கினால், சரியாக வந்த நம்பரும் மூச்சைப் பிடிக்கும். அதற்கு 36 சி எடுங்கள்.

போட்டுப் பார்ப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பாதிப் பேர் கொக்கியை முன்னால் மாட்டிச் சுழற்றிப் பின்னால் கொண்டுபோவார்கள். பரவாயில்லை, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் குனிந்து, வலது கையை இடது கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையையும் சேர்த்து அள்ளிக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். மறுபக்கமும் அப்படியே. இதைச் செய்த பிறகு "கப் பத்தவில்லையே" என்று தோன்றினால் அதுதான் உண்மை. அக்குளில் கட்டி போலத் தொங்குவதாக நினைத்து வருத்தப்படும் சதை பல பேருக்கு மார்பின் பகுதிதான், கப் போதாமல் வெளியே தள்ளப்பட்டது.

புதுப் பிராவை வெளி வரிசைக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டும்போதே பட்டி நன்றாகப் பிடிக்க வேண்டும். உள்வரிசைகள் பிறகு எலாஸ்டிக் தளரும்போது பயன்படுத்த. கடையில் உள்வரிசையில் மாட்டினால்தான் பிடிக்கிறது என்றால் இரண்டு மாதத்தில் அது முதுகில் ஏறும். பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பாருங்கள், முன்னாலும் பின்னாலும் பட்டி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் போகலாம், கை போகக் கூடாது. கொடியில் துணி போடுவது போல இரண்டு கையையும் தூக்குங்கள், பட்டி கூடவே ஏறினால் பெரிசு. கப் விளிம்பில் சதை பிதுங்கி ஜாக்கெட்டுக்கு மேல் இரட்டைக் கோடு தெரிந்தால் கப் சிறிசு, கப்பின் துணி சுருங்கி மடிந்தால் பெரிசு. கம்பி வைத்த பிரா என்றால் கம்பி மார்பின் வேரில் விலா எலும்பின் மேல் உட்கார வேண்டும், சதையின் மேல் ஏறினால் எழுத்தைக் கூட்டுங்கள். இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள துண்டு நெஞ்செலும்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

கடைசியாகத்தான் ஸ்ட்ராப். இதை எல்லாரும் முதலில் இழுக்கிறார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது பாரம் இடுப்பில், கை சும்மா அணைத்துப் பிடிக்கிறது அல்லவா, அப்படித்தான் பட்டியும் ஸ்ட்ராப்பும். பாரத்தின் பெரும்பகுதியைப் பட்டி தாங்க வேண்டும். ஸ்ட்ராப்பைத் தோளிலிருந்து கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள், மார்பு ஓரளவு அதே இடத்தில் நின்றால் பட்டி சரி. சட்டென்று இறங்கிவிட்டால் இனி எவ்வளவு இறுக்கினாலும் தோள்தான் வலிக்கும், கழுத்தும் சேர்ந்து வலிக்கும்.

ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டும் சமமாக இருக்காது. பெரிய பக்கத்துக்குக் கப் பாருங்கள், சிறிய பக்கத்து ஸ்ட்ராப்பைச் சற்று ஏற்றிவிடுங்கள்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் இதுதான் பெரிய தடை. மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ சின்னக் கடைகளில் பி தாண்டி வைத்திருப்பது குறைவு. 34 டி கேட்டால் "அது வராதும்மா, 38 போட்டுக்குங்க" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 34 டி இல்லையென்றால் 36 சி வரை சமாளிக்கலாம், 38 பி வரை போனால் பழைய கதைதான். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் "34 டி / 75 டி, கம்பி வேண்டாம், காட்டன்" என்று எழுதிக் கொடுங்கள். மருந்துச்சீட்டு நீட்டுவதற்கு நாம் கூச்சப்படுகிறோமா? தஞ்சாவூர், கும்பகோணம் பெரிய ஜவுளிக் கடைகளில் உள்ளாடைப் பிரிவில் பெண்கள் நிற்கிறார்கள், போட்டுப் பார்க்க அறையும் சில இடங்களில் உண்டு. தீபாவளி நேரத்துக் கூட்டத்தில் போகாமல் சாதாரண நாளில் காலையில் போனால் நிதானமாகப் பேசுவார்கள். ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி எடுப்பார்களா என்பதை முதலில் பாருங்கள், உள்ளாடைக்குப் பலர் எடுப்பதில்லை. முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். சரியாக இருந்தால் அதே கம்பெனி, அதே மாடலில் இன்னும் இரண்டு. கம்பெனி மாறினால் அளவும் மாறும், மாடல் மாறினாலும் மாறும். ஆடித் தள்ளுபடியில் மூன்று சேர்த்துக் கட்டிய பெட்டியை நம்பரை மட்டும் பார்த்து எடுப்பது பணத்துக்குத்தான் நஷ்டம்.

வேர்வைப் புண்ணைப் பற்றி. பட்டி தளர்ந்து மார்பு கீழே படிந்தால் தோலும் தோலும் ஒட்டி, நம் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் அந்த மடிப்பு காயவே காயாது. சரியான அளவு வந்தாலே பாதி குறையும். வயல் வேலை, சமையல், ஸ்கூட்டி என்று நாள் முழுக்க வேர்க்கிறவர்களுக்குக் கம்பியும் பஞ்சும் இல்லாத, அகலப் பட்டி வைத்த காட்டன் பிராதான் நல்லது. நனைந்ததை மாற்றுங்கள், மடிப்பைத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். சிவந்து, ஓரம் கட்டி, அரித்தால் அது படையாக இருக்கலாம், தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் படையைப் பரப்பிவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கம் எனக்கு மனசைப் பிசைகிறது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று பிராவைக் கொடியில் துண்டுக்கும் பாவாடைக்கும் அடியில் மறைத்துக் காயப்போடுகிறோம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது காயாமல் ஈர வாடையோடுதான் மறுநாள் உடம்புக்கு வருகிறது. படைக்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். காற்று படும் நிழலில் தனியாகக் காயட்டும், பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று நான்கு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். துவைக்கிற கல்லில் அடிப்பதும், வெந்நீரும், உச்சி வெயிலும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். கையால் கசக்கி, முறுக்காமல் பிழிந்தால் போதும். உள்வரிசைக் கொக்கியிலும் பட்டி பிடிக்காதபோது அதன் ஆயுள் முடிந்தது, வேறு வாங்குங்கள்.

பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் பழைய அளவை மறந்துவிடுங்கள். எட்டாம் மாதத்தில் அளந்து, கப்பில் கொஞ்சம் இடம் விட்டு, முன்னால் திறக்கும் கம்பியில்லாத பிரா வாங்கலாம். பால் கொடுக்கும்போது இறுக்கமானது போட்டால் அழுத்தும் இடத்தில் பால் கட்டிக்கொள்ளும். பால் நிறுத்திய பிறகு சில மாதம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். உடம்பு அஞ்சாறு கிலோ ஏறி இறங்கினாலும் அப்படியே. கம்பி பிரா போட்டால் மார்பகப் புற்று வரும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது, அதில் பிராவுக்கும் புற்றுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் அளவெடுக்கும்போது கையில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழி விழுந்திருந்தாலோ, காம்பு உள்ளே இழுத்திருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே கிளம்பி டாக்டரிடம் போங்கள், வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பைப் பரிசோதிக்கிறார்கள், பெரும்பாலான கட்டிகள் புற்றாக இருப்பதில்லை.

மகளுக்கு வருவோம். பன்னிரண்டு வயதில் கம்பியும் பஞ்சும் தேவையே இல்லை. மொட்டு விடும் பருவத்தில் துணி உரசினாலே வலிக்கும், அதற்கு மெத்தென்ற பனியன் துணியில் வரும் பிள்ளைகள் பிரா போதும். திருப்பூர்த் துணியில் நல்லதாகவே கிடைக்கிறது. டேப்பை அவள் கையில் கொடுத்து எப்படி வைப்பது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், நம்பரை அவளே எழுதிக்கொண்டு வரட்டும். பெரும்பாலும் 28 அல்லது 30-ல் தொடங்கும். வளரட்டும் என்று பெரிதாக வாங்க வேண்டாம், ஓடும்போது குலுங்கினால் அவள் விளையாட்டுப் பீரியடையே வெறுப்பாள். பள்ளிச் சட்டை வெள்ளையாக இருந்தால் அவள் தோல் நிறத்திலேயே எடுங்கள், வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பிராதான் அதிகம் தெரியும். இப்போதைக்கு மூன்று போதும், ஆறு மாதத்தில் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.